உறுதியே பழுதான ஜன்னல்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காப்லி சதுக்கத்தருகே, ஜான் ஹான்காக் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் அலுவலகங்களுக்காக 60 மாடிக் கட்டடமொன்றை எழுப்பியது. உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். ஹென்றி காப் என்னும் கட்டடச் சிற்பி வகுத்த அதன் வெளிப்புறம் முழுவதும் கண்ணாடியே, 10,344 பலகைகள்.

வேலை முடியுமுன்பே, 1973 ஜனவரியில் வீசிய கடுங்காற்றில் பலகைகள் பல உடைந்து வீழ்ந்தன. ஒவ்வொன்றும் சுமார் 225 கிலோகிராம் எடையுள்ளது. உயிர்ச்சேதம் நேரவில்லை. உடைந்த இடங்களில் ஒட்டுப்பலகை அடிக்கப்பட்டது. காற்று வலுக்கும்போதெல்லாம் கீழுள்ள தெருக்கள் அடைக்கப்பட்டன.

கட்டடத்தின் ஆட்டமே காரணமென்று பலரும் எண்ணினர். ஆராய்ச்சியோ வேறு விடை தந்தது. ஒவ்வொரு ஜன்னலும் இரு கண்ணாடிகளால் ஆனது, இடையே காற்று, விளிம்பில் ஈயப் பட்டை பற்றாசினால் இணைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி வெப்பத்தால் விரியும், காற்றால் அதிரும். இணைப்புச் சற்று நெகிழ்ந்து கொடுத்திருப்பின் தீங்கில்லை. இங்கு அது மிக உறுதியாயிருந்தமையால் அசைவு முழுவதும் கண்ணாடிக்கே சென்று, விளிம்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கிற்று. வலுவான இணைப்பே நல்ல இணைப்பு என்று எண்ணும் மாணவர்க்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பலகைகள் அனைத்தும் அகற்றப்பட்டு, பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி பொருத்தப்பட்டது.

ஆட்டமும் பொய்யன்று. மேல்மாடிகளில் இருப்போரின் தலைசுற்றலைத் தவிர்க்க, 58-ஆம் மாடியின் இரு கோடிகளிலும் 300 டன் எடை ஒவ்வொன்று சுருள்விற்களால் கட்டடத்துடன் இணைக்கப்பட்டது. கட்டடம் ஒருபுறம் நகர, எடை பின்தங்கி நின்று அதனை இழுத்துப்பிடிக்கும். பின்னர் சுவிஸ் பொறியியலறிஞர் புரூனோ தூர்லிமான், அரிய சில காற்று நிலைகளில் கட்டடம் அகன்ற பக்கமாகவன்றிக் குறுகிய விளிம்பின் பக்கமாகவே சாயக்கூடுமெனக் கணக்கிட்டுக் காட்டினார். எவரும் எதிர்பாராத முடிவு இது. உடனே 1,500 டன் எஃகுக் குறுக்குச் சட்டங்கள் சேர்க்கப்பட்டன. கட்டடம் 1976-இல் திறக்கப்பட்டது.