லாரியில் ஏறும் சரக்குக்கு எந்தக் காப்பீடு?

டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் "இன்ஷூரன்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டால், "வண்டிக்கு எல்லாம் பக்காவா இருக்குங்க" என்று பதில் வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது லாரிக்கும், லாரி மோதி அடிபடுகிறவருக்கும், இடிபடுகிற சுவருக்குமான பாலிசி. லாரி சுமந்து போகிற உங்கள் பெட்டிகளுக்கு அதில் இடமில்லை. திருப்பூரிலிருந்து கொல்கத்தாவுக்கு பனியன் அனுப்புகிறவரும், சிவகாசியிலிருந்து டெல்லிக்கு நோட்டுப் புத்தகம் அனுப்புகிறவரும் தங்கள் சரக்குக்கான காப்பைத் தனியாகத்தான் தேட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எதுவும் செய்யாமல் டிரான்ஸ்போர்ட்காரரின் சட்டப் பொறுப்பை நம்புவது. 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ, டிரைவரின் கவனக்குறைவால்தான் என்று அனுப்பியவர் நிரூபிக்க வேண்டியதில்லை. இது பெரிய பலம். ஆனால் அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாதவரை, இழப்பீட்டின் உச்சவரம்பு வாடகையைப் போல் பத்து மடங்குதான். நான்கு லட்ச ரூபாய் பனியனுக்கு 6,000 ரூபாய் வாடகை என்றால், மொத்தச் சரக்கும் எரிந்துபோனாலும் சட்டப்படி கிடைப்பது 60,000. இயற்கைச் சீற்றம், கலவரம் போன்றவற்றால் நேரும் இழப்புக்கு அதுவும் கிடைக்காது.

இரண்டாவது வழி, மதிப்பை அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டி, அந்த வரம்பை உயர்த்திக்கொள்வது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் 'எஃப்.ஓ.வி.' என்று ஒரு வரி இருக்கும், எதிரே ஒரு சிறு தொகை இருக்கும். அதை இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது டிரான்ஸ்போர்ட் நிறுவனம் தனக்காக வாங்கும் கட்டணம். அதன் பின்னால் காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லை. அதே எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' (பொறுப்பு சரக்குக்காரருடையது) என்று முத்திரை குத்தியிருக்கிறதா, 'கேரியர்ஸ் ரிஸ்க்' (பொறுப்பு டிரான்ஸ்போர்ட்காரருடையது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேரியர்ஸ் ரிஸ்க்காகவே இருந்தாலும், பணம் வருவது அந்த நிறுவனத்தின் கையிருப்பைப் பொறுத்தது. நாலு லாரி வைத்திருப்பவரிடம் நாற்பது லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கினாலும் வசூலாவது சந்தேகம். பல மாநிலங்களில் சொந்த குடோன் வைத்திருக்கும் பெரிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே இந்த வழியை யோசிப்பேன்.

மூன்றாவது, சொந்தமாக டிரான்ஸிட் பாலிசி. உள்நாட்டுச் சரக்குக்கு இதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. சி வகை தீக்கும் மின்னலுக்கும் மட்டும். பி வகையில் இவற்றோடு லாரி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது, ரயில் தடம்புரள்வது சேரும். ஏ வகையில், இன்னின்னவை சேராது என்று எழுதியிருப்பவை தவிர மற்றதெல்லாம் சேரும்.

பனியன் சரக்குக்கு நேரும் சேதத்தை நினைத்துப் பார்த்தால் தேர்வு தானாக வந்துவிடும். ஆடி ஆவணியில் விசாகப்பட்டினம் தாண்டும்போது விடாத மழை. தார்ப்பாயில் கயிறு உரசிய இடத்தில் ஒரு கிழிசல். மேல் வரிசை அட்டைப்பெட்டிகள் ஊறி, கீழ் வரிசைக்குத் தண்ணீர் இறங்கி, ஹவுராவில் திறக்கும்போது வெள்ளை பனியனில் அட்டையின் பழுப்புக் கறை. வண்டி கவிழவில்லை, மோதவில்லை. பி வகை வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. வழியில் இரண்டு பெட்டி காணாமல் போனாலும் அப்படியே; திருட்டுக்கான கூடுதல் காப்பைச் சேர்த்திருந்தால்தான் உண்டு. ஆகவே துணி, காகிதம், சிமென்ட், மின்சாதனம் அனுப்புகிறவர்கள் ஏ வகையைத் தவிர வேறொன்றைப் பார்க்கவே வேண்டாம். கட்டுமானக் கம்பி அனுப்புகிறவருக்கு பி வகையோடு திருட்டுக் காப்பு போதும். சி வகை எடுத்து மிச்சப்படுத்துவது மிச்சமே அல்ல.

ஏ வகையிலும் தள்ளுபடியாகும் சில இழப்புகளைச் சொல்லியாக வேண்டும். சரியாகப் பேக் செய்யாததால் வந்த சேதம், சரக்கின் இயல்பால் தானே கெடுவது, தாமதம். தீபாவளிக்கு அனுப்பிய துணி தீபாவளி முடிந்து போய்ச் சேர்ந்தால், அந்த நஷ்டத்தை ஏ வகையும் தராது. பெட்டிக்குள் பாலித்தீன் உறை போடுவது சரக்கையும் காக்கும், பேக்கிங் சரியில்லை என்ற வாதத்தையும் அடைக்கும்.

எப்போதாவது ஒரு லோடு அனுப்புகிறவருக்கு அந்தப் பயணத்துக்கான தனிப் பாலிசி போதும். வாராவாரம் அனுப்புகிறவருக்கு வருட ஓப்பன் பாலிசிதான் சரி. அனுப்புவதை அவ்வப்போது தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒரு லோடுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு. சாதாரண மாதக் கணக்கில் அதை நிர்ணயித்துவிட்டு, பண்டிகைக் காலத்தில் இரட்டிப்பாக ஏற்றுவது ஆபத்து. மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் அப்படியே. பத்து லட்சம் சரக்கை ஆறு லட்சத்துக்குக் காப்பிட்டால், ஒரு லட்சம் சேதத்துக்கு 60,000தான் வரும்.

காப்பு எப்போது முடிகிறது என்பதையும் கவனியுங்கள். லாரி சேருமிடத்து ஊருக்கு வந்து ஏழு நாள் ஆனதும் பாலிசி முடிந்துவிடும். சரக்கை எடுக்காமல் இரண்டு வாரம் டிரான்ஸ்போர்ட் குடோனில் போட்டுவைக்கும் வியாபாரிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு வேறொரு இடைவெளி. எஃப்.ஓ.பி. விலையில் விற்கும்போது, கப்பலில் ஏறும்வரை சரக்கு விற்பவர் பொறுப்பு. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் வரையிலான லாரிப் பயணத்துக்கு வாங்குபவரின் பாலிசியை நம்பி இருக்கக் கூடாது. நீங்களே இறக்குமதி செய்து, காப்பீடும் கப்பல் வாடகையும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் வாங்கினால், விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பு கடல்வழி சி வகைதான். அதில் திருட்டும் இல்லை, கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுவதும் இல்லை. ஏ வகை வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். காப்பே எடுக்காமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு. 2021-ல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது, மீட்புச் செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு தர வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பங்கைச் சாதாரணக் கடல்வழிப் பாலிசியே ஏற்கும். காப்பு இல்லாதவர், சரக்கு பழுதில்லாமல் இருந்தாலும் கைக்காசைக் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

எந்தப் பாலிசியானாலும் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் இறக்கும் இடத்தில் முடிவாகிவிடுகிறது. பெட்டி நனைந்திருக்கும்போதே "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போட்டால் க்ளெய்ம் அங்கேயே பலவீனமாகிவிடும். "ஐந்து பெட்டி நனைந்துள்ளது, இரண்டு குறைவு" என்று டெலிவரி ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வண்டி நம்பரோடு போட்டோ எடுங்கள். டிரான்ஸ்போர்ட்காரரிடம் சேதச் சான்று கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரும்வரை நனைந்த சரக்கை விற்கவோ வீசவோ வேண்டாம்.

அத்தோடு டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் போக வேண்டும். புக்கிங் தேதியிலிருந்து 180 நாள்தான் கெடு. காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் தந்துவிட்டு, உங்கள் உரிமையை வைத்து அவரிடம் வசூலிக்கப் பார்க்கும். நீங்கள் நோட்டீஸ் அனுப்பாமல் அந்த உரிமை போய்விட்டால், உங்கள் க்ளெய்மிலேயே கை வைக்க அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். சேதம் தெரிந்த வாரத்திலேயே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை எல்.ஆர். நகலோடு சேர்த்து வையுங்கள்.