வேரைப் பார்த்துப் பசளை இடுங்கள்

பயிர் மஞ்சளித்து நின்றால் அதற்குப் பசளை போதாது என்று எண்ணி, உடனே யூரியா வாங்கி எறியும் வழக்கம் கமக்காரரிடையே உண்டு. பல வேளைகளில் அப்பயிருக்குக் குறைவாயிருப்பது பசளையன்று. வேருக்கு வேண்டிய காற்றே. வேர் மூச்சடைத்துக் கிடக்கையில் எவ்வளவு பசளை இட்டாலும் அதனை உறிஞ்ச வழியில்லை. செலவழித்த பணம் வடிகாலோடு போய்விடும். ஆதலால் பசளை வாங்குமுன் இரண்டொரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாய்க்கால் நீரில் மெதுவாக அலசி, வேரைப் பாருங்கள். வேரில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இத்துண்டுப் பிரசுரம் கூறுகின்றது.

வேர் என்பது செடியை நிலத்தில் நிறுத்தும் ஆணி மாத்திரமன்று. 1937ஆம் ஆண்டில் ஹவாட் டிற்மர் என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர், பெட்டியொன்றில் நான்கு மாதம் வளர்ந்த றை என்னும் தானியச் செடியின் வேர்களை அளந்து கணக்கிட்டார். அந்த ஒரே செடியின் வேர்களை முனைக்கு முனை தொடுத்தால் 387 மைல் நீளம் வரும் எனக் கண்டார். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நமது தீவின் நீளமே ஏறக்குறைய 270 மைல்தான். இவ்வளவு வேரும் மூச்சுவிட வேண்டும். மண் துணிக்கைகளின் இடைவெளிகளிலுள்ள காற்றிலிருந்தே பெரும்பாலான பயிர்களின் வேர்கள் ஒட்சிசனைப் பெறுகின்றன. அவ்விடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் மிளகாய், கத்தரி, வெண்காயம் முதலியன விரைவில் வாடும். நீர் நடுவே நிற்கும் செடி நீரில்லாச் செடிபோல் வாடுவதன் காரணம் இதுவே.

நெல் இவற்றினின்றும் வேறுபட்டது. நெற்பயிரின் தாளிலும் வேரிலும் காற்று செல்லும் நுண்ணிய குழாய்கள் உள. இலை வழியாக வரும் ஒட்சிசன் அவற்றினூடே வேர்நுனி வரை இறங்குகின்றது. அவ்வேரிலிருந்து கசியும் ஒட்சிசன், சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேரின்மேல் செங்கபில நிறமாகப் படியச் செய்கின்றது. ஆகவே அலசிய நெல்வேர் செங்கபிலமாகவும், புதிய நுனிகள் வெள்ளையாகவும் இருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. வேர் கறுத்து, வழுவழுத்து, கூழ்முட்டை நாற்றம் வீசினால் அது நோயுற்ற வேர். பச்சைக் குழையையோ வைக்கோலையோ நன்கு மக்குமுன் சேற்றில் புதைத்து, நீரையும் வடியவிடாது கட்டிவைத்த வயல்களில் இதனை அடிக்கடி காணலாம். அங்கு யூரியா எறிவது வீண். நீரை வடியவிட்டு, மண்ணில் மயிரளவு வெடிப்புத் தோன்றும்வரை சில நாள் காயவிடுங்கள். வெள்ளை வேர்கள் புதிதாகத் தோன்றிய பின்னரே நீர் கட்டி மேற்கட்டுப் பசளை இடுங்கள். அடுத்த போகத்தில் வைக்கோலை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே உழுது புதைத்துவிட வேண்டும்.

வயலில் எந்நேரமும் நீர் நிற்க வேண்டும் என்பது தேவையற்ற அச்சம். ஓரடி நீளமும் நான்கு அங்குல விட்டமும் உள்ள பி.வி.சி. குழாயொன்றின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, அப்பாதி மண்ணுள் இருக்குமாறு நாட்டி, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடுங்கள். குழாயினுள் நீர் மண்மட்டத்திலிருந்து ஆறு அங்குலம் கீழே இறங்கும்போது மீண்டும் பாய்ச்சினாற் போதும். நாற்று நட்டு இரண்டு மூன்று வாரம் கழிந்தபின் இதனைத் தொடங்கலாம்; களை மிகுந்த வயலில் சற்றுப் பொறுத்தே தொடங்குங்கள். பூக்கும் காலத்தில் மாத்திரம் இரண்டு அங்குல நீரைக் குறையவிடலாகாது.

இனி, பெரும்போக நெல்லை அறுத்த வயலில் சிறுபோகத்துக்கு மிளகாயோ வெண்காயமோ வைப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் சேறடிப்பதாலும் உழவு இயந்திரத்தின் பாரத்தாலும் ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் இறுகிய படையொன்று உண்டாகின்றது. நெல்லுக்கு அது நண்பன். நீரைக் கீழே போகவிடாது தாங்கும். மிளகாய்க்கோ அது பகைவன். ஆணிவேர் அதில் முட்டிப் பக்கமாக வளையும். கோடை மழை ஒன்று பெய்தால் நீர் அப்படையின்மேல் தேங்கி வேரை அழுகச் செய்யும். ஈரமண்ணில் அலவாங்கை ஊன்றிப் பார்த்தால் எவ்விடத்தில் திடீரெனத் தடைப்படுகிறது என்பது கையிலேயே தெரியும். உலர் வலயத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்போல் இறுகுவதால், காய்ந்த மண்ணில் இச்சோதனை ஏமாற்றும்.

அப்படையை வயல் முழுவதும் உடைத்துவிடலாமா எனப் பலர் வினவுவர். வேண்டாம், அடுத்த பெரும்போகத்தில் வயலில் நீர் நிற்காது. படைக்கு மேலுள்ள மண்ணையே வாரி உயர்ந்த பாத்திகளாகக் கட்டி, பாத்திகளிடையே வயலுக்கு வெளியே வடியுமாறு கான் வெட்டுவதே தக்க வழி. மண் கையில் பிசுபிசுக்கும் ஈரத்தில் கொத்தாதீர்கள். நாற்று நடும்போது குழி ஆழமாக இருத்தல் வேண்டும். ஆழமற்ற குழியில் வேர்நுனி மேல்நோக்கி மடிந்து, செடி கடைசிவரை குறுகியே நிற்கும்.

நீரிறைப்பிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். வேரூன்றிய செடிகளுக்குத் தினமும் சிறிது சிறிதாக நீர் விட்டால் மேல்மண் மாத்திரம் நனையும். வேரும் அங்கேயே தங்கிவிடும். பின்பு ஒருநாள் பம்பி பழுதுபட்டாற் போதும், தோட்டம் முழுவதும் தலைசாய்ந்துவிடும். நன்கு நனைய இறைத்து, இடைவெளி விட்டு மீண்டும் இறையுங்கள். மணற்பாங்கான நிலத்தில் அவ்விடைவெளி குறுகியதாகவே இருக்கும்.

பொசுபரசு மண்ணில் இடம்பெயர்வது மிகக் குறைவு. எனவே அதனை மேலே தூவிவிடாது, அடிக்கட்டுப் பசளையாக மண்ணோடு கலந்து, இளவேர் எட்டும் இடத்தில் இடுங்கள். நைதரசன் மிகுந்தால் தழை கொழுக்கும். அதற்கேற்ற வேர் இராது.

தக்காளி, கத்தரி, வெண்டி ஆகியவற்றின் வேரில் முடிச்சுகள் காணப்படின் அவை வட்டப்புழுவின் வேலை. பயற்றையின் வேரிலும் முடிச்சுகள் உண்டு; அவற்றுட் பல நன்மை செய்வன. விரலால் தேய்த்தால் எளிதில் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பின் அது நைதரசனைச் சேர்க்கும் கணு. வேரே தடித்து, உதிராமல் இருப்பின் புழு. புழு கண்ட நிலத்தில் அதே பயிரை மீண்டும் வைக்காதீர்கள். வசதியுள்ள இடத்தில் ஒரு போகம் நெல் செய்து நீர் நிறுத்தினால் மரக்கறிகளைத் தாக்கும் புழு பெரிதும் குறையும்.

ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். அப்பொழுது இலையை மாத்திரம் கிள்ளிச் செல்லாது, செடியை வேரோடும் மண்ணோடும் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.