தன்னைத் தானே கரைத்துக்கொள்ளாத இரைப்பை

கறிக்கடையில் போட்டி வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறோம். அது ஆட்டின் இரைப்பையும் குடலும்தான். குக்கரில் பல விசில் விட்டால்தான் வேகும் அந்தத் தசையை நம் வயிறு சில மணி நேரத்தில் கூழாக்கிவிடுகிறது. ஆட்டின் இரைப்பையைக் கரைக்கும் நம் இரைப்பை, அதே போன்ற தசையால் ஆன தன்னை மட்டும் ஏன் கரைத்துக்கொள்வதில்லை? இதற்கு விடை தெரிந்தால் வயிற்றுப்புண் எப்படி வருகிறது என்பதும், மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் ஏன் கவனம் தேவை என்பதும் விளங்கும்.

இரைப்பை எங்கே இருக்கிறது?

"வயிறு" என்றால் தொப்புளைத் தொட்டுக் காட்டுவது நம் வழக்கம். தொப்புளைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சிறுகுடல். இரைப்பை அதற்கு மேலே, இடப்பக்கமாக, கீழ் விலா எலும்புகளுக்கு உட்புறத்தில், உதரவிதானத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. இதயத்துக்கும் இரைப்பைக்கும் நடுவே உள்ள தடுப்பு இந்த உதரவிதானம்தான். இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

இரைப்பை, ஆங்கில எழுத்து 'ஜே' போல வளைந்த ஒரு பை. வெறும் வயிற்றில் அதன் கொள்ளளவு ஒரு சிறிய டீ கிளாஸ் அளவுக்கும் குறைவு. உள்சுவரில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும். சாப்பிடச் சாப்பிட மடிப்புகள் விரிந்து, சுமார் 1 லிட்டர் வரை இடம் கொடுக்கும். மேலே உணவுக்குழாய் சேரும் இடத்திலும், கீழே சிறுகுடல் தொடங்கும் இடத்திலும் வளையம் போன்ற தசைகள் வாசல்களாக நிற்கின்றன. மேல்வாசல் தளர்ந்து அமிலம் மேலே ஏறினால் அதுதான் நெஞ்செரிச்சல்.

குடலின் மற்றப் பகுதிகளில் தசை இரண்டு அடுக்குதான். இரைப்பையில் மூன்று: நீளவாக்கில் ஒன்று, வட்டமாக ஒன்று, சாய்வாக ஒன்று. இதனால்தான் இரைப்பையால் உணவைப் பிழியவும் முறுக்கவும் பிசையவும் முடிகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

நிமிடத்துக்கு சுமார் 3 அலைகள் இரைப்பையின் சுவரில் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அதே வேளையில் சுவரிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியையும் தருகின்றன. ஒரு நாளில் சுரக்கும் இரைப்பை நீர் ஏறக்குறைய 2 லிட்டர். இந்த அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அழித்து, பெப்சின் வேலை செய்ய வழி செய்கிறது.

இரைப்பையே எல்லாவற்றையும் செரித்து, சத்தையும் உறிஞ்சிவிடுகிறது என்று நினைப்பது சரியல்ல. அங்கே முக்கியமாகத் தொடங்குவது புரதச் செரிமானம். மாவுச்சத்தும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலில்தான் செரிக்கின்றன. சத்து உறிஞ்சப்படுவதும் அங்கேதான். இரைப்பை உணவைக் கூழாக்கி, கீழ்வாசல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி வைக்கிறது. கஞ்சி சீக்கிரம் இறங்கிவிடும். நெய்யும் கறியும் சேர்ந்த பிரியாணி பல மணி நேரம் தங்கும். கல்யாண விருந்துக்குப் பிறகு மாலை வரை பசிக்காமல் இருப்பது இதனால்தான்.

இரைப்பை செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் அவசியம். அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரலாம்.

ஒரு துளை வழியே கிடைத்த அறிவு

உணவு வயிற்றில் அரைபடுகிறதா, அழுகுகிறதா, கரைகிறதா என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மெக்கினாக் தீவில், விலங்குத் தோல் வணிகம் நடந்த கடையொன்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. குண்டு பாய்ந்தவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுக் கூலித் தொழிலாளி. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை.

1825 முதல் பியூமாண்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, சிறிது நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்துப் புட்டியில் வைத்துச் சூடு காட்டினார். அங்கேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் ஒரு வேதிவினை என்பதற்கு அது வலுவான சான்று. கோபம் வந்தபோது செரிமானம் குழம்பியதையும் அவர் குறித்துவைத்தார். 1833இல் வெளியான அவருடைய நூல் மருத்துவ உலகில் பெரும் பெயர் பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாத செயின்ட் மார்ட்டினோ, அந்த மருத்துவரிடமே வேலைக்காரராக இருந்து இந்தச் சோதனைகளுக்கு உடம்பைக் கொடுத்தார். இன்று நாம் அறிந்திருப்பதில் அந்த ஏழைத் தொழிலாளியின் பங்கும் இருக்கிறது.

காக்கும் கவசம்

இனி முதல் கேள்விக்கு வருவோம். இரைப்பையின் உள்சுவர் முழுவதும் வழவழப்பான சளிப்படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அதனுள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் இருக்கிறது. பெப்சினும் சுரக்கும்போதே வேலை செய்யாது. அமிலத்தைச் சந்தித்த பிறகே கூர்மை பெறும். இவற்றையும் மீறிச் சேதமாகும் செல்களுக்குப் பதிலாகச் சில நாட்களுக்குள் புதியவை வந்துவிடும். சளிப்படலமும் இரத்த ஓட்டமும் குறையாமல் பார்த்துக்கொள்வது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்.

இந்தக் கவசம் உடையும் இடத்தில்தான் புண் வருகிறது. உடைப்பவை முக்கியமாக இரண்டு.

ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. கவலையும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகியோர் இந்தக் கிருமியைச் சுட்டிக்காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். வலி நின்றதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி ஒழியாது. மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

இரண்டாவது, டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள். இவை வலியைக் குறைக்க எந்தப் பொருளைத் தடுக்கின்றனவோ, அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையையும் காக்கிறது. ஆகவே "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது" என்பது முழு உண்மை அல்ல. ஊசியாகப் போட்டாலும் பாதிப்பு வரலாம். பாரசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. புகைப்பழக்கம் புண் ஆறுவதைத் தடுக்கும். காரம் புண்ணை உண்டாக்குவதில்லை என்றாலும், இருக்கும் எரிச்சலைக் கூட்டலாம்.

நோன்பு நாட்களில்

ஆரோக்கியமானவர்களுக்கு நோன்பினால் மட்டும் இரைப்பை புண்ணாகிவிடாது. ஆனால் அல்சர் இருப்பவர்களும் தினசரி மருந்து சாப்பிடுபவர்களும் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இஃப்தாரில் எண்ணெய்ப் பலகாரங்களை ஒரே மூச்சில் சாப்பிடாமல், கஞ்சியோடு நிதானமாகத் தொடங்குவோம். சஹர் முடிந்த கையோடு படுத்தால் அமிலம் மேலே ஏறும்.

தாமதிக்கக் கூடாதவை

கறுப்பாகத் தார் போல மலம் போவது, இரத்த வாந்தி, திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை அவர் சொல்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இதயமும் இரைப்பையும் உதரவிதானத்தின் இரு பக்கமும் இருப்பதால், மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று எரிச்சலாகத் தெரியும். "கேஸ்தான்" என்று சோடா குடித்துக் காத்திருப்பதில் உயிர் போய்விடக்கூடும். வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் 108ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகு அது கேஸ் என்று தெரிந்தால் நல்லதே.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துச் சென்று காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும் அதைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். இரைப்பையைக் காக்கும் மருந்தைச் சேர்த்துத் தர வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.