கேபிபாரா வளர்க்க ஆசையா? வாங்கும் முன் படிக்க வேண்டிய குறிப்புகள்

வெந்நீர்த் தொட்டியில் கண்ணை மூடிச் சொக்கிக் கிடக்கும் கேபிபாராவின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒன்று வளர்க்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கொறிவிலங்குகளில் உலகிலேயே பெரியது இதுதான். பிரேசில், வெனிசுவேலா, அர்ஜென்டினா முதலிய தென் அமெரிக்க நாடுகளின் ஆற்றங்கரைகளும் சதுப்புநிலங்களும் இதன் வீடு. அமெரிக்காவின் டெக்சஸ் போன்ற மாநிலங்களில் சிலர் இதை வீட்டோடு வளர்க்கிறார்கள். அங்கே வளர்ந்த கேப்லின் ரவுஸ் என்ற கேபிபாரா இணையத்தில் பெரும்புகழ் பெற்றது. அப்படி வளர்க்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதலில் சட்டத்தைப் பாருங்கள். டெக்சஸில் வளர்க்கலாம்; கலிபோர்னியாவில் கூடாது. மாநிலம் அனுமதித்தாலும் உங்கள் நகரமோ குடியிருப்போர் சங்கமோ தடுக்கலாம். அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

2. பிறந்த குட்டி ஒன்றரைக் கிலோதான் இருக்கும். அதைக் கையில் ஏந்தும்போது எவருக்கும் மனம் இளகும். வளர்ந்தால் 35 முதல் 65 கிலோ வரை எடை, நான்கடி நீளம். ஆயுள் எட்டு முதல் பத்து ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளுக்கும் இடமும் ஆளும் உண்டா என்று கணக்குப் போடுங்கள். அடுக்குமாடி வீடு இதற்கு ஆகவே ஆகாது.

3. ஒற்றையாக வளர்க்காதீர்கள். இயற்கையில் இவை பத்து, இருபது என்று கூட்டமாக வாழ்பவை. மேயும்போதும் நீந்தும்போதும் மெல்லிய விசில், 'கிளிக் கிளிக்' ஒலிகளால் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் நாய் குரைப்பது போலக் கத்தும்; உடனே கூட்டம் முழுவதும் தண்ணீருக்குள் பாயும். தனியாக விடப்பட்ட கேபிபாரா வளர்ப்பவரையே கூட்டமாக நினைத்துக்கொள்ளும். அவர் அலுவலகம் கிளம்பினால் கூப்பிட்டுக்கொண்டே கதவருகில் நிற்கும். அந்தத் தவிப்பை நாமே உண்டாக்குவது கொடுமை. குறைந்தது இரண்டு வேண்டும். வளர்ந்த ஆண்கள் இரண்டைச் சேர்த்தால் சண்டை வரும். ஆணும் பெண்ணும் என்றால் ஆணுக்குக் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஈற்றில் சராசரியாக நான்கு குட்டிகளை எதிர்பார்க்கலாம்.

4. குளம் அவசியம். கேபிபாராவின் விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு. கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேற்புறத்தில் இருப்பதால் உடலை மறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நீரில் கிடக்கும். ஐந்து நிமிடம் வரை மூழ்கியிருக்கவும் முடியும். முடி அடர்த்தி இல்லாத தோல் என்பதால் வெயிலில் விரைவில் காய்ந்து வெடிக்கும். நீரும் சேறும்தான் அதற்குக் காப்பு. நான்கடி ஆழமாவது இருக்கட்டும். உடல் முழுதும் மூழ்கி எழ அது வேண்டும். ஒரு பக்கம் சரிவாக அமைத்தால் குட்டிகள் எளிதாக ஏறி வரும். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் தொட்டி போதாது.

5. குளத்திலேயே மலம் கழிப்பது இதன் வழக்கம். ஆகவே நல்ல வடிகட்டி இயந்திரம் போடுங்கள். குடிநீரைத் தனியே வையுங்கள். அனுபவமுள்ளவர்கள் இந்தப் பழக்கத்தையே வசதியாக்கிக்கொள்கிறார்கள்: வீட்டுக்குள் ஒரு மூலையில் அகலமான தொட்டியில் தண்ணீர் வைத்தால் அதைக் கழிப்பிடமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும். தினமும் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

6. புல்தான் சாப்பாடு. வளர்ந்த விலங்கு ஒரு நாளில் மூன்று கிலோ வரை புல் தின்னும். பூச்சிமருந்து அடிக்காத புல்தரையும், எந்நேரமும் உலர்புல்லும் இருக்கட்டும். பழம், ரொட்டி, பிஸ்கட் என்று அன்பாகக் கொடுப்பதெல்லாம் வயிற்றைக் கெடுக்கும்.

7. வைட்டமின் சி-யை மறக்காதீர்கள். மனிதரைப் போலவே கேபிபாராவின் உடலும் இதைத் தானாகத் தயாரிக்காது. பசும்புல் நிறைய மேய்ந்தால் கிடைத்துவிடும். உலர்புல்லில் மட்டும் வளர்த்தால் ஸ்கர்வி நோய் வரும்: ஈறில் ரத்தம் கசியும், மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும். கினிப்பன்றிகளுக்கென விற்கும் வைட்டமின் சி சேர்த்த உருண்டைத் தீவனம் கொடுக்கலாம். ஆனால் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் அந்தச் சத்து குறைந்துகொண்டே போகும். பையின் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, சிறு அளவில் வாங்கி, நிழலில் வையுங்கள்.

8. காலையில் தன் மலத்தையே சிறிது உண்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், தடுக்காதீர்கள். புல்லின் சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளும் இயல்பான செயல் அது.

9. பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும். கடிக்க மரக்கிளை போடுங்கள்; வில்லோ, ஆப்பிள் மரக் கிளைகள் நல்லவை. இல்லாவிட்டால் கதவு நிலை, சோபா, மின்கம்பி எல்லாம் பலியாகும்.

10. வேலி நான்கடிக்குக் குறையக் கூடாது. அடியில் இடைவெளி இருக்கக் கூடாது. 2016 மே மாதம் கனடாவின் டொரன்டோ ஹை பார்க் விலங்குக்காட்சிசாலையிலிருந்து இரண்டு கேபிபாராக்கள் தப்பின. இரண்டையும் பிடித்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பழகிய ஊழியர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி என்றால், நம் வீட்டுக் கொல்லைக் கதவை யோசித்துப் பாருங்கள்.

11. குளிர் ஆகாது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய கொட்டகையும் வெதுவெதுப்பான நீரும் வேண்டும். ஜப்பானின் இசு ஷபோடென் விலங்குக்காட்சிசாலை 1982 முதல் குளிர்காலத்தில் இவற்றுக்கு வெந்நீர்க் குளியல் தருகிறது. நாம் ரசிக்கும் அந்த வீடியோக் காட்சிக்குப் பின்னால் இருப்பது இந்தத் தேவைதான்.

12. உண்ணிகளை வாரந்தோறும் தேடி அகற்றுங்கள். காதின் உட்புறம், தொடை இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பிரேசிலில் மனித உயிரைப் பறிக்கும் உண்ணிக் காய்ச்சல் பரவுவதில் கேபிபாராக்களுக்குப் பங்குண்டு. வளர்ப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், வீட்டில் இந்த விலங்கு இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

13. அயல்நாட்டு விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரை முதலில் கண்டுபிடியுங்கள்; விலங்கை அதன் பிறகு வாங்குங்கள். நாய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். புல்லைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

14. முதுகைச் சொறிந்து கொடுத்தால் முடி சிலிர்த்து நிற்கும். மெல்லச் சாய்ந்து படுத்து வயிற்றைக் காட்டும். பாசத்துக்குக் குறைவில்லாத உயிர்தான். ஆனாலும் மிரண்டால் கடிக்கும். உளி போன்ற முன்பற்கள் ஆழமாக இறங்கும். சிறு பிள்ளைகளையும் நாயையும் அதனுடன் தனியே விடாதீர்கள்.

15. வளர்க்க முடியாமல் போனால் யார் ஏற்பார்கள் என்பதை வாங்கும் முன்பே பேசி வையுங்கள். வீட்டில் வளர்ந்ததை எல்லா விலங்குக்காட்சிசாலைகளும் வாங்கிக்கொள்ளாது. ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவது அந்த விலங்குக்கும் அந்த ஏரிக்கும் செய்யும் துரோகம். இரண்டு விலங்குகள், ஒரு குளம், ஒரு மருத்துவர், பத்து ஆண்டுகள்: இந்த நான்கையும் தர முடியாதவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.