ஓசூர்ப் பிரயாணிகளும் இரயில்வண்டியும்

பஸ் வண்டி வீட்டிற்கருகே வந்து நிற்பினும், நாடோறும் வெளியூர் சென்று மீள்வோர் பலர் இரயிலையே நாடுவது யாது காரணம் பற்றி? எல்லைப்புறத்து ஓசூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம். ஆலைகளிலும் காரியாலயங்களிலும் வேலை பார்ப்போர் இருபுறமும் சென்று வருகின்றனர். பஸ் செல்லும் அத்திப்பள்ளிச் சாலையில் லாரிகளும் கார்களும் ஒருங்கே நெருங்குகின்றன. 2010-இல் திறக்கப்பட்ட எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை அந்நெருக்கத்தைத் தணித்ததேயன்றி ஒழித்திலது. இரயிலோ ஹீலலிகே, கார்மேலாரம் வழியாகத் தனக்கே உரிய பாதையிற் செல்கின்றது.

முதற்காரணம் காலநிச்சயமாம். தாமதித்து வரும் தொழிலாளி கூலி இழப்பான். அதற்கஞ்சி ஒரு மணி முன்னதாகவே புறப்படுவானாயின், ஆண்டிற்கு 300 வேலைநாட்களில் 300 மணி நேரம் வீணாகும். அது உறக்கத்தினின்றும், மக்களோடு அளவளாவும் பொழுதினின்றும் கழிந்ததன்றோ?

இரண்டாவது, செலவின் சுருக்கம். எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளுங்கால் உண்டாகும் தடை, ரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளும்போது உண்டாவதிற் சிறு பங்கேயாம். ஆதலின் சிறிதளவு சக்தியால் பெருங்கூட்டத்தை ஏற்றிச் செல்லலாகும். மாதாந்தர சீசன் டிக்கெட்டு வாங்குவோர்க்குக் கட்டணம் மேலும் குறையும். மூன்றாவது, குலுக்கல் குறைவாதலின் புத்தகம் படித்தற்கும் இடமுண்டு.

நிற்க. பஸ்ஸுக்கும் தனிச்சிறப்பு உண்டு. அஃது அடிக்கடி வருவது, வேண்டுமிடத்தில் இறக்கிவிடுவது. ஓசூர் இருப்புப்பாதை நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே இருந்தமையால் வண்டிகள் மிகுதியாக ஓட இயலவில்லை. தவறவிட்ட வண்டிக்கு அடுத்தது எப்போது என்னும் கவலை இரயிற்பிரயாணியைவிட்டு நீங்குவதில்லை.

கிருஷ்ணகிரியின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து அந்நகருக்குக் குறுகிய இருப்புப்பாதை அமைந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் அமைந்த மற்றொன்று 1913-இல் ஓசூரை எட்டிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், இவ்விரண்டும் மூடப்பட்டன. பிற்காலத்தில் சேலம்–பெங்களூர்ப் பாதையால் ஓசூர் மீண்டும் இரயில் பெற்றது. மாவட்டத் தலைநகராகிய கிருஷ்ணகிரியோ இன்றும் பெற்றிலது. அங்குள்ளோர்க்கு விருப்பம் உண்டு, தெரிவு இல்லை.

2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழியும் எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவிலேயே நின்றுவிட்டது. ஓசூரார் அதுவரை பஸ்ஸில் சென்றே அதில் ஏறவேண்டும்.

ஆகவே, பிரயாணி இரயிலை விரும்புவது வேகத்தின்மேற் கொண்ட மோகத்தாலன்று; தன் பொழுது தன் வசமிருத்தல் வேண்டும் என்பதனாலேயாம். அடிக்கடி ஓடும் வண்டியும், நிலையத்தினின்று ஊருக்குள் செல்லச் சிற்றூர்திகளும் அமையுமாயின், பஸ்ஸும் இரயிலும் பகையாகாது ஒன்றற்கொன்று துணையாய் நிற்கும்.