திரும்பி வந்த ஆய்வேடு

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார்: "என்ன மாப்ளே, டாக்டர் பட்டம் வாங்கியாச்சா?" என் ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பி வந்த வருஷம், அந்தக் கேள்விக்குப் பயந்தே மூன்று கல்யாணங்களுக்கு மொய்யை மட்டும் கொடுத்தனுப்பினேன். அந்த வருஷம் என் காதில் விழுந்த ஆலோசனைகளில் பாதி தவறு. சொன்னவர்கள் எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்.

நம்பிக்கை: ஏடு திரும்பி வந்தால் அத்தோடு பட்டம் போச்சு.

உண்மை: இந்தியாவில் ஆய்வேட்டைக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். திருத்திக் கொடுக்கச் சொல்வது வேறு, நிராகரிப்பது வேறு. ஒருவர் நிராகரித்தாலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி அது மாற்றுத் தேர்வாளர் ஒருவருக்குப் போகும். அவரும் கைவிரித்தால்தான் கதை முடியும். இந்த விதியை எடுத்துப் படிக்கத் துறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எனக்கு வந்தது நான்கு பக்க அறிக்கை. மூன்று நாள் பையிலேயே கிடந்தது. சீனியர் அக்கா ஒருவர்தான் அதைப் பிடுங்கி, கோடு போட்ட நோட்டில் இரண்டு பத்தி பிரித்தார்: இடப்பக்கம் தேர்வாளர் சொன்னது, வலப்பக்கம் நான் செய்யப்போவது, பக்க எண்ணோடு. எண்ணிப் பார்த்தால் 31 குறிப்புகள். அதில் 19, அட்டவணை எண், அடிக்குறிப்பு, எழுத்துப்பிழை ரகம். 8, 'இதை விளக்கவும்' என்பவை. மிச்சம் நான்கு. அந்த நான்கில் ஒன்றுதான் நெஞ்சில் குத்தியது: இந்த 120 குடும்பங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் முதலாளியிடம் வாங்கும் முன்பணம் பற்றியது என் ஆய்வு. நண்பன் வீடு இருந்த இரண்டு தெருக்களிலேயே முக்கால்வாசிக் குடும்பங்களை எடுத்திருந்தேன். தேர்வாளர் கேட்டது நியாயம். மறுபடி போனபோது வேறு பகுதிகளில், ஷிப்ட் மாறும் நேரத்தில் தறிக்கூட வாசலில் நின்றேன். முன்பணமே கிடைக்காத ஆட்கள் அப்போதுதான் கண்ணில் பட்டார்கள். நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

நம்பிக்கை: கெட்டிக்காரர்களுக்கு இப்படி நேராது.

உண்மை: ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ் 1884இல், கரைசல்களில் மின்சாரம் பாய்வது பற்றிய ஆய்வேட்டை உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். தேறியது, ஆனால் அங்கே ஆசிரியர் ஆவதற்குப் போதாத கீழ்த் தரத்தில். அதிலிருந்து வளர்ந்த கொள்கைக்குத்தான் 1903இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். திட்டு வாங்கிய ஏடெல்லாம் நோபல் ஏடு ஆகிவிடாது. என்னுடையது நிச்சயமாக இல்லை. எனக்குப் பிடித்தது இடையில் நடந்தது. அரீனியஸ் ஏட்டின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். ரீகாவில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் படித்துவிட்டு, அதே ஆண்டு நேரில் உப்சாலாவுக்கே வந்து தன்னிடம் வேலைக்கு அழைத்தார். அதற்குப் பிறகு உப்சாலாவே அரீனியஸுக்கு விரிவுரையாளர் இடம் கொடுத்தது. உள்ளூரில் எடுபடாததை வெளியில் ஒருவர் படித்துப் பார்த்ததால் வந்த திருப்பம் அது.

நம்பிக்கை: ஆறு வருஷம் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

உண்மை: அதே 2022 விதிகளின்படி, ஆறு வருஷத்துக்குப் பிறகு மறுபதிவு செய்து இரண்டு வருஷம் வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு வருஷம் உண்டு. பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்புக்காகப் பெண்கள் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். திருமணத்தால் ஊர் மாறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆய்வுத் தரவுகளை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் வழி இருக்கிறது. ஆனால் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மொத்தமே ஐந்து வருஷம்தான். விதி காத்திருக்கும், வாடகை காத்திருக்காது. நிறையப் பேர் நின்றுபோவது இந்த இடைவெளியில்தான், மூளைக் குறைவால் அல்ல.

நம்பிக்கை: கட்டுரை வெளியாகாமல் ஏடு கொடுக்கவே முடியாது.

உண்மை: அந்தக் கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கேட்கலாம். ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கேன்டீனில் கேட்காதீர்கள்.

நம்பிக்கை: கைடு கோபமாக இருக்கிறார், கண்ணில் படாமல் இருப்பதே நல்லது.

உண்மை: நான் ஐந்து மாதம் அப்படி ஒளிந்து திரிந்தேன். கோபம் என்று நான் நினைத்தது அவருடைய சங்கடம். அவரும் கையெழுத்துப் போட்ட ஏடுதானே திரும்பி வந்தது? கடைசியில் அவர் அறைக்குப் போனபோது, அக்கா கோடு போட்ட அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். இரண்டு இடத்தில் பென்சிலால் அடித்து, "இதுக்கு இவ்வளவு பதில் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் திட்டு.

திருத்திய ஏட்டைக் கொடுக்கப் போன அன்று, அந்த நோட்டைத் தட்டச்சு செய்து 11 பக்கத் திருத்தப் பட்டியலாகக் கடைசியில் சேர்த்துக் கட்டியிருந்தேன். பிரிவு உதவியாளர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதை முன்னாடி வைங்க சார். பிரிச்ச உடனே அவங்க தேடறது இதைத்தான்." அன்று மாலை ஐந்து மணிக்குள் மறுபடி கட்டித் தரச் சொல்லி, பைண்டிங் கடைக்காரரிடம் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.