பாலேடு பிரிக்கும் சுழல் யந்திரம்

கறந்த பாலை அசையாமல் வைத்தால் ஏடு மேலே படிகிறது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் மற்றப் பகுதியைவிட இலேசானவையாதலால் மெல்ல மேலெழும்புகின்றன. இதற்குப் பல மணி நேரம் செல்லும். அதற்குள் பால் புளித்துவிடவுங்கூடும்.

நீருள்ள செம்பைக் கயிற்றிற் கட்டி வேகமாய்ச் சுழற்றினால், அது தலைகீழாய் வரும்போதும் நீர் சிந்துவதில்லை. அடிப்புறத்தையே அழுத்தி நிற்கும். இவ்விதியைக் கொண்டே ஸ்வீடன் தேசத்துக் குஸ்டாவ் தெ லாவால் என்பவர் 1878-ம் வருஷத்தில் இடைவிடாது பாலேடு பிரிக்கும் யந்திரத்தை அமைத்தார். இதன் கிண்ணம் நிமிஷத்திற்குப் பல்லாயிரந்தரம் சுழலும்போது கனத்த பால் ஓரத்திற்கும், இலேசான ஏடு நடுவிற்கும் ஒதுங்கி, வெவ்வேறு குழாய்களின் வழியே வெளிவருகின்றன.

கைப்பிடியைச் சுற்றுவோர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது வேகமே. வேகம் பாதியானால் பிரிக்கும் வலிமை காற்பங்காகிவிடும். பிரியாத கொழுப்பு ஏடெடுத்த பாலோடு போய்விடும். அப்பால் 85 கிலோவில் நூற்றுக்கு அரைப்பங்கு கொழுப்புத் தங்கினால் நஷ்டம் 425 கிராம். யந்திரத்தைக் குறைகூறுவோர் பலரிடம் யாம் கண்ட குற்றம் கைத்தளர்ச்சியே. ஆகையால்:

1. குறித்த வேகம் வந்தபின்னரே பாலைத் திறந்துவிடுக. சில யந்திரங்களின் கைப்பிடியில் மணியுண்டு; வேகம் குறைந்தால் அது ஒலிக்கும்.

2. பால் ஏறக்குறைய 40 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இருக்கட்டும். ஆறிய பாலில் ஏடு சரிவரப் பிரியாது.

3. வேலை முடிந்தவுடன் கிண்ணத்தையும் உள்ளிருக்கும் தட்டுகளையும் கழற்றி, வெந்நீரிற் கழுவிக் காயவைக்கவும்.

ஏடெடுத்த பாலைக் கொட்டிவிடலாகாது. பாலின் புரதமும் சர்க்கரையும் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கின்றன. தோய்த்துத் தயிராக உண்ணலாம், கன்றுகளுக்கும் கொடுக்கலாம்.